செவ்வாயின் 2 குட்டி நிலாக்கள்: தச்சுத் தொழிலாளி கண்டுபிடித்தார்... தூண்டியது மனைவி! பிறப்பு ரகசியத்தைச் சொல்லப்போகும் கதிர்வீச்சு

பூமிக்கு ஒரு நிலா. செவ்வாய்க்கு இரண்டு. ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற அந்த இரண்டும் நம்ம நிலா மாதிரி உருண்டையாக, அழகாக இருக்காது. அடிபட்ட உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். பெரியதான ஃபோபோஸின் சராசரி விட்டமே சுமார் 22 கி.மீ. தான். டெய்மோஸ் அதில் பாதியைவிட கொஞ்சம் பெரியது.

இந்தக் குட்டி நிலாக்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்று வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஜப்பான் ஒரு விண்கலத்தைத் தயார் செய்திருக்கிறது. அதில் இருக்கும் ஒரு முக்கியக் கருவி, ஃபோபோஸில் இருந்து வரும் கதிர்வீச்சை அளந்து விடை தேடப்போகிறது.

இந்தக் கேள்விக்கே பிள்ளையார் சுழி போட்டவர் ஆசப் ஹால். சிறு வயதில் அப்பாவை இழந்து, தச்சு வேலை பார்த்து, கல்லூரிப் படிப்பைக்கூட முடிக்காமல் வானியலுக்கு வந்தவர். யார் இவர்? எப்படி இந்த நிலாக்களைக் கண்டுபிடித்தார்? அவரது மனைவிக்கு அதில் என்ன பங்கு? விரிவாகப் பார்க்கலாம்.

13 வயதில் குடும்ப பாரம்

ஆசப் ஹால் பிறந்தது 1829 அக்டோபர் 15. ஊர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் உள்ள கோஷென். அப்பா கடிகாரம் செய்பவர். ஹாலுக்கு 13 வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது.

பள்ளிப் படிப்பு நின்றது. 16 வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வீடு கட்டும் வேலை, மர வேலை என்று பல வருடங்கள் ஓடின. ஆனால் கணக்கு மீதான ஆசை மட்டும் போகவில்லை. ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்ய வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

1854-ல், 24 வயதைத் தாண்டிய பிறகு, நியூயார்க் மாகாணத்தில் மெக்ராவில் என்ற ஊரில் இருந்த சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பதால் அவர் அங்கே போனார். அந்தக் காலத்திலேயே பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது.

கணக்கு சொல்லிக்கொடுத்த ஏஞ்சலின்

அங்கே ஹாலுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் ஏஞ்சலின் ஸ்டிக்னி. அவரும் அதே கல்லூரியில் படித்துக்கொண்டே பாடம் நடத்தியவர். ஹாலைவிட ஒரு வயது இளையவர். அடிமை முறைக்கு எதிராகவும், பெண்களின் வாக்குரிமைக்கு ஆதரவாகவும் உறுதியாக நின்றவர்.

ஹாலும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து, டீச்சருக்கே பதில் தெரியாத கணக்காகப் பார்த்துக் கொண்டுவந்து மடக்கப் பார்ப்பார்களாம். ஒரு தடவைகூட ஏஞ்சலின் மாட்டவில்லை. எல்லாக் கணக்குக்கும் விடை கொடுத்துவிடுவார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது.

1856-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கையில் பணம் இல்லை, நிலையான வேலையும் இல்லை. மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் நகரில் வானியலாளர் ஃபிரான்ஸ் புரூனோவிடம் ஹால் கொஞ்ச காலம் வானியல் படித்தார். பிறகு கணவன், மனைவி இருவரும் பள்ளியில் பாடம் நடத்தி சமாளித்தார்கள்.

வாரச் சம்பளம் 3 டாலர்!

1857-ல் ஹார்வர்டு கல்லூரியின் வானாய்வகத்தில் ஹாலுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 3 டாலர். அந்தக் காலத்திலும் அது குடும்பம் நடத்தப் போதாத தொகைதான். பஞ்சாங்கங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து மேல் வருமானம் தேடினார். கிரகங்களின் பாதையைக் கணிப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர் வாங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

1862-ல் வாஷிங்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் சேர்ந்தார். அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே பேராசிரியர் பதவி வந்தது. தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கும் குணம் ஹாலுக்கு இல்லை. அதனால் அவருக்குத் தெரியாமல் வானாய்வகத் தலைவருக்குக் கடிதம் எழுதி, பதவி உயர்வு கேட்டவர் ஏஞ்சலின்.

அதே 1863-ல் ஒரு ராத்திரி அதிபர் ஆபிரகாம் லிங்கன் வானாய்வகத்துக்கு வந்தார். ஹால் அவருக்கு டெலஸ்கோப்பில் நிலாவைக் காட்டினார். சில நாள் கழித்து லிங்கன் மறுபடியும் வந்து, வெறும் கண்ணில் பார்த்த நிலா டெலஸ்கோப்பில் மட்டும் ஏன் தலைகீழாகத் தெரிந்தது என்று விளக்கம் கேட்டதாக ஹாலின் குடும்பத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வகை டெலஸ்கோப்பின் லென்ஸ் அமைப்பு பிம்பத்தைத் தலைகீழாகத்தான் காட்டும்.

பாடப்புத்தகத்தை நம்பாத மனுஷன்

1875-ல் ஹாலின் பொறுப்பில் 26 அங்குல டெலஸ்கோப் வந்தது. ஒளியை லென்ஸ் மூலம் வளைத்துக் காட்டும் வகையில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான்.

1876 டிசம்பரில் அவர் சனி கிரகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். அந்தப் புள்ளி சுற்றி வரும் நேரத்தை வைத்து, சனி தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம் 14 நிமிடம் ஆகிறது என்று கணித்தார். பாடப்புத்தகங்களில் இருந்த எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை.

இதில் ஹாலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு புத்தகத்தில் இருக்கும் தப்பை மற்ற புத்தகங்கள் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துப் போடுகின்றன என்றால், செவ்வாய்க்கு நிலாவே கிடையாது என்று எழுதி வைத்திருப்பதை மட்டும் எப்படி நம்புவது?

செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள் இருக்கலாம் என்று கெப்ளர் 17-ம் நூற்றாண்டிலேயே யூகித்திருந்தார். 1726-ல் ஜோனத்தன் ஸ்விஃப்ட் தன் கலிவர் கதையில் செவ்வாய்க்கு இரண்டு நிலாக்களை வைத்திருந்தார். இரண்டுமே ஆதாரம் இல்லாத கற்பனைதான். 1860-களில் டென்மார்க்கின் டாரெஸ்ட் உண்மையாகவே தேடிப் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை.

1877 ஆகஸ்ட்: அந்த 7 நாட்கள்

1877-ல் செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்தது. ஹால் தேடலைத் தொடங்கினார். முதலில் கிரகத்தில் இருந்து தள்ளி இருந்த இடங்களில் பார்த்தார். எல்லாம் வெறும் நட்சத்திரங்கள். பிறகு கிரகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தார். அங்கேதான் சிக்கல். செவ்வாயின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். அதனால் செவ்வாயைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, அதன் ஓரத்தை மட்டும் பார்க்கும் உத்தியைக் கையாண்டார்.

சில ராத்திரிகள் இப்படியே போயின. ஒன்றும் கிடைக்கவில்லை. விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே ஹால் வந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு ராத்திரி பார்த்துவிடுங்கள் என்று வற்புறுத்தி அனுப்பியவர் ஏஞ்சலின். இதைப் பின்னாளில் ஹாலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அடுத்து நடந்தது இதுதான்:

* ஆகஸ்ட் 12 அதிகாலை: செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. இடத்தைக் குறிப்பதற்குள் பொட்டோமாக் ஆற்றில் இருந்து மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.
* அடுத்த சில நாட்கள்: வானம் மேகமூட்டம். காத்திருப்பு.
* ஆகஸ்ட் 16: அதே புள்ளி மறுபடி தெரிந்தது. செவ்வாயோடு சேர்ந்தே நகர்ந்தது. அப்படின்னா அது நட்சத்திரம் இல்லை, நிலா! அதுதான் டெய்மோஸ்.
* ஆகஸ்ட் 18 அதிகாலை: டெய்மோஸுக்காகக் காத்திருந்தபோது, இன்னும் உள்ளே ஒரு புள்ளி. அதுதான் ஃபோபோஸ்.

சில நூல்களில் இந்தத் தேதிகள் ஆகஸ்ட் 11, 17 என்று இருக்கும். அன்றைய வானியலாளர்கள் ஒரு நாளை நண்பகலில் தொடங்கி எண்ணியதால் வந்த வித்தியாசம் அது.

ஒரு நிலாவா, மூணு நிலாவா?

ஃபோபோஸ் ஹாலை ரொம்பவே குழப்பியது. ஒரே ராத்திரியில் செவ்வாயின் இந்தப் பக்கமும் தெரிந்தது, அந்தப் பக்கமும் தெரிந்தது. உள்ளே இரண்டு, மூன்று நிலாக்கள் இருக்குமோ என்றுகூட நினைத்தார். ஆகஸ்ட் 20, 21 ராத்திரிகளில் விடாமல் கண்காணித்த பிறகுதான், இருப்பது ஒன்றுதான், அது அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று உறுதியானது.

ஃபோபோஸ் செவ்வாயை ஒரு முறை சுற்ற 7 மணி நேரம் 39 நிமிடம்தான் ஆகிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்றவோ 24 மணி நேரம் 37 நிமிடம். கிரகத்தின் சுழற்சியை முந்திக்கொண்டு ஓடும் நிலா என்று அதுவரை எதையும் யாரும் பார்த்ததில்லை. செவ்வாயின் தரையில் நின்று பார்த்தால் ஃபோபோஸ் மேற்கே உதித்து கிழக்கே மறையும்!

இந்தக் கண்டுபிடிப்பால் இன்னொரு பெரிய லாபம் கிடைத்தது. ஒரு நிலா எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் கிரகத்தின் நிறையைக் கணக்கிடலாம். பல வருட அளவீடுகளை வைத்து மற்றவர்கள் திணறிய கணக்குக்கு, ஹாலின் சில ராத்திரி அளவீடுகளே துல்லியமான விடை கொடுத்தன.

ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற பெயர்களைச் சொன்னவர், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்த ஹென்றி மாடன். கிரேக்கத்தில் அச்சம், திகில் என்று பொருள். போர்க் கடவுளின் பிள்ளைகள் பெயர் அவை. இதே மாடனின் தம்பி பேத்தியான வெனிஷியா பர்னிதான் 1930-ல் புளூட்டோவுக்குப் பெயர் சொன்ன சிறுமி.

சம்பளம் கேட்டார் ஏஞ்சலின்... என்ன நடந்தது?

1879-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் ஹாலைத் தேடி வந்தது. பதக்கங்களும் பாராட்டுகளும் அவருக்கு. ஏஞ்சலினுக்கு?

திருமணத்துக்குப் பிறகு ஏஞ்சலினின் கணிதத் திறமை வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. கணவரின் வானியல் கணக்குகளை அவரும் போட்டுக்கொடுத்து வந்தார். ஒரு கட்டத்தில், இதே வேலையைச் செய்யும் ஆணுக்குத் தரும் கூலியைத் தனக்கும் தர வேண்டும் என்று கேட்டார். ஹால் மறுத்துவிட்டார். ஏஞ்சலின் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார்.

அதன்பின் நான்கு மகன்களின் படிப்பில் அவர் கவனம் போனது. நான்கு பேருமே ஹார்வர்டில் படித்தார்கள். ஒரு மகன் அப்பா பெயரிலேயே வானியலாளர் ஆனார். ஏஞ்சலோ என்ற இன்னொரு மகன், 1908-ல் அம்மாவின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார். கூலி கேட்டு மறுக்கப்பட்ட இந்தக் கதை இன்று வெளியே தெரிகிறது என்றால் அந்த மகனால்தான்.

சறுக்கலும் உண்டு

ஹால் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. புதன் கிரகத்தின் பாதை நியூட்டனின் கணக்கோடு கொஞ்சம் ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்ய, ஈர்ப்பு விதியையே இம்மியளவு மாற்றலாம் என்று 1894-ல் ஹால் யோசனை சொன்னார். அது எடுபடவில்லை. 1915-ல் ஐன்ஸ்டீன்தான் சரியான விடையைக் கொடுத்தார்.

1891-ல் கடற்படை வானாய்வகத்தில் இருந்து ஹால் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஏஞ்சலின் காலமானார். ஒரு காலத்தில் வாரம் 3 டாலருக்கு வேலை பார்த்த அதே ஹார்வர்டில், 1896 முதல் 1901 வரை ஹால் பாடம் நடத்தினார். 1907 நவம்பர் 22 அன்று மேரிலாந்தின் அனாபோலிஸில் மறைந்தார். வயது 78.

ஹால் விட்டுச்சென்ற கேள்வி

நிலாக்கள் இருக்கின்றன என்று ஹால் காட்டிவிட்டார். எப்படி வந்தன? இதற்கு இரண்டு பதில்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதல் பதில்: வழியில் போன சிறுகோள்களைச் செவ்வாய் தன் ஈர்ப்பில் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு நிலாக்களும் கரி போல இருண்டவை. சூரியக் குடும்பத்தின் வெளிப்பகுதியில் இருக்கும் பழைய சிறுகோள்களின் சாயல் அவற்றில் இருக்கிறது.

இரண்டாவது பதில்: ஏதோ ஒரு பெரிய பொருள் செவ்வாயில் மோதியது. அதில் சிதறிய துண்டுகள் ஒன்றுசேர்ந்து நிலாக்கள் ஆயின. இதற்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டு நிலாக்களும் கிட்டத்தட்ட வட்டப் பாதையில், செவ்வாயின் நடுக்கோட்டுக்கு மேலேயே சுற்றுகின்றன. எங்கிருந்தோ வந்து மாட்டிய கல் இவ்வளவு ஒழுங்காகச் சுற்றுவது கஷ்டம்.

அதாவது நிறத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரன் மாதிரி இருக்கிறது. நடையைப் பார்த்தால் உள்ளூர்க்காரன் மாதிரி இருக்கிறது! படம் எடுத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. எதனால் ஆனது என்று பார்த்தாக வேண்டும்.

கதிர்வீச்சை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சிம்பிளா சொன்னால் இதுதான் விஷயம். விண்வெளியில் இருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் வந்துகொண்டே இருக்கின்றன. ஃபோபோஸில் காற்று கிடையாது. அதனால் அவை நேராகத் தரையில் மோதும். அப்போது பாறைக்குள் இருக்கும் அணுக்கருக்களில் இருந்து நியூட்ரான்கள் சிதறும். அந்த நியூட்ரான்கள் பக்கத்து அணுக்கருக்களை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட அணுக்கரு காமா கதிரை வெளியிடும்.

ஒவ்வொரு தனிமத்தின் காமா கதிருக்கும் ஓர் ஆற்றல் அளவு உண்டு. இரும்புக்கு ஒன்று, சிலிக்கானுக்கு ஒன்று. கைரேகை மாதிரி. பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவற்றுக்கு காஸ்மிக் கதிரே வேண்டாம். அவற்றுக்கு இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு. உதாரணமாக, பொட்டாசியத்தில் இருந்து வரும் காமா கதிர் 1.46 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் வந்து நிற்கும்.

நியூட்ரான்கள் சொல்லும் சேதி வேறு. ஹைட்ரஜன் இருந்தால் நியூட்ரான்களின் வேகம் சட்டென்று குறையும். தப்பித்து வரும் நியூட்ரான்களின் வேகத்தை எண்ணினால் ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரியும். 2002-ல் நாசாவின் மார்ஸ் ஒடிசி விண்கலம், செவ்வாய் மண்ணுக்கு அடியில் ஏராளமான பனிக்கட்டி இருப்பதைக் காட்டியது இந்த முறையில்தான்.

இதை வைத்து ஃபோபோஸின் பிறப்பை எப்படிச் சொல்வது?

* ஹைட்ரஜன், கார்பன் அதிகம் இருந்தால்: சூடு படாத பழைய சிறுகோள். பிடித்து வைக்கப்பட்டது என்ற பதிலுக்கு பலம்.
* இரும்பு, சிலிக்கான், மக்னீசியம் போன்றவற்றின் விகிதம் செவ்வாய்ப் பாறையை ஒத்திருந்தால்: மோதலில் பிறந்தது என்ற பதிலுக்கு பலம்.
* பொட்டாசியம், தோரியம் விகிதம்: பொட்டாசியம் கடும் சூட்டில் ஆவியாகிப் போகும். தோரியம் போகாது. பெரிய மோதலில் உருகிப் பிறந்த நிலா என்றால் பொட்டாசியம் குறைந்திருக்க வேண்டும்.

இந்த விகிதம் எவ்வளவு பலமான சாட்சி என்பதற்குப் புதன் கிரகமே உதாரணம். 2011 முதல் புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம், அங்கே பொட்டாசியம் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பதைக் கண்டது. கடும் சூட்டில் புதனின் மேல்பகுதி ஆவியாகிவிட்டது என்ற பழைய விளக்கங்கள் அதோடு ஆட்டம் கண்டன.

ஜப்பானின் மூக்குக்கண்ணாடி

ஜப்பான் விண்வெளி முகமையான ஜாக்சாவின் திட்டத்துக்கு எம்எம்எக்ஸ் என்று பெயர். அதில் பொருத்தப்படும் காமா, நியூட்ரான் கருவிக்கு மெகானே என்று பெயர். ஜப்பானிய மொழியில் மூக்குக்கண்ணாடி என்று அர்த்தம். உருவாக்கியது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகம். நாசாவின் பங்களிப்பாக 2024-ல் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது.

காமா கதிர்கள் மேல்தோலுக்குக் கீழே பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்துகூட வரும். கேமரா பார்ப்பது மேல் தூசியை மட்டும்தான். ஃபோபோஸ் விஷயத்தில் இது முக்கியம். ஏனென்றால் செவ்வாயில் விண்கற்கள் மோதும்போது தெறித்த தூசியும் ஃபோபோஸ் மேல் படிந்திருக்கும்.

சவாலும் இருக்கிறது. குட்டி நிலா என்பதால் வரும் கதிர்கள் ரொம்பக் குறைவு. விண்கலம் மிகப் பக்கத்தில் போய், பல நாட்கள் பொறுமையாக எண்ண வேண்டும்.

ஃபோபோஸில் இறங்கி குறைந்தது 10 கிராம் மண் எடுத்து, 2031-ல் பூமிக்குக் கொண்டுவருவதும் இந்தத் திட்டத்தில் அடக்கம். அந்தக் கைப்பிடி மண் மொத்த நிலாவுக்கும் பொருந்துமா என்று சொல்லப்போவதும் மெகானேதான். 2024-ல் கிளம்ப வேண்டிய இந்தப் பயணம், 2023-ல் எச்3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோற்றதால் 2026 நிதியாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஃபோபோஸ் பயணிகளை அவ்வளவு எளிதாக அனுமதித்ததில்லை. சோவியத்தின் ஃபோபோஸ்-2 விண்கலம் 1989 மார்ச்சில், நிலாவை நெருங்கும் நேரத்தில் தொடர்பை இழந்தது. 2011-ல் ரஷ்யா அனுப்பிய ஃபோபோஸ்-கிரண்ட் பூமியின் சுற்றுப்பாதையையே தாண்டவில்லை. இந்தியாவின் மங்கள்யான் 2020 ஜூலையில் சுமார் 4,200 கி.மீ. தூரத்தில் இருந்து ஃபோபோஸைப் படம் எடுத்தது.

அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்தது ஒரு பெரிய பள்ளம். சுமார் 9 கி.மீ. அகலம். ஃபோபோஸின் மிகப்பெரிய பள்ளமான அதன் பெயர் ஸ்டிக்னி. ஏஞ்சலினின் பிறந்த வீட்டுப் பெயர். 1971-ல் மரைனர்-9 விண்கலம் செவ்வாயை அடைந்து ஃபோபோஸைப் படம் பிடித்த பிறகு சூட்டப்பட்டது. அதே நிலாவில் ஹால் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. அது ஸ்டிக்னியைவிடச் சின்னது.

கண்டுபிடித்த அன்றைக்கு எந்தப் பதக்கத்திலும் ஏஞ்சலின் பெயர் இல்லை. ஆனால் மெகானே ஃபோபோஸை நெருங்கும் நாளில், அது கதிர்களை எண்ணப்போகும் நிலத்தில் பெரிய எழுத்தில் இருக்கப்போவது அவர் பெயர்தான்.